பாட்டி முறை

அத்தியாயம் 17

"வியாழக்கிழமை அந்தப் பக்கம் தலையக் காட்டாதே" என்று சொல்லிவிட்டுத்தான் போன வாரம் அப்பா போனை வைத்தார். மியோங்ஜுவும் உடனே சரி என்றாள். அப்பாவும் மகளும் இவ்வளவு சுலபமாக ஒத்துப்போவது அந்த வீட்டில் நடக்காத காரியம். அதனால்தானோ என்னவோ, வியாழக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு இரண்டு பேருமே அங்கே இருந்தார்கள்.

நடுவில் இரண்டு வாரம் தவறவிட்டவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாடே வாரம் இரண்டு நாள் வேலையைப் போட்டுவிட்டுப் பார்க்கும் 'கொக்குகளின் முற்றம்' தொடரை எழுதுவது ஹான் யுரிம் என்கிற புனைபெயரில் நம் பியோ மியோங்ஜு. வயது நாற்பத்திமூன்று. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவள் தொடரில் பட்டத்து இளவரசனையும் மெங் வீட்டுப் பெண் சோரியையும் பிரித்து, சோரியின் அப்பாவைப் பொய்ச் சாட்சி சொல்லிச் சாகடித்து, அந்தப் பெண்ணை அரண்மனை அடிமையாக்கியவர் மந்திரி பியோ இன்கியோம்.

இன்கியோம் கற்பனை ஆள் இல்லை என்பதுதான் சிக்கல். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் வாழ்ந்தவர். சொன்யாங் பியோ குலத்தார் வருஷா வருஷம் படையல் போட்டுக் கும்பிடும் முன்னோர். அவரை வில்லனாக்கியதில் குலச் சங்கம் கொதித்துப்போயிருக்கிறது. சங்கத்தின் செயலாளர் கியூதோங், மியோங்ஜுவின் அப்பா. ஹான் யுரிம் யாரென்று சங்கத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். மகள் சியோலில் ஒரு நூலகத்தில் வேலை பார்ப்பதாக இருபது வருஷமாகச் சொல்லிவருகிறார்.

இன்று முன்கியோங் மலையடிவாரத்தில், அரண்மனை செட்டில், இன்கியோம் சாக வேண்டும். அரசனாகிவிட்ட இளவரசன் விஷம் அனுப்புகிறான். மந்திரி வெள்ளை உடுத்திப் பாயில் அமர்ந்து, அரசன் இருக்கும் வடக்குத் திசையை நோக்கி நான்கு முறை விழுந்து கும்பிட்டு, கோப்பையை வாங்கிக் குடிக்க வேண்டும். குடிப்பதற்கு முன்னால் சோரி வந்து, "எங்கப்பா உங்களோட ஒரே தட்டுல சாப்பிட்ட சிநேகிதர். ஏன் செஞ்சீங்க?" என்று கேட்கிறாள்.

அதற்கு அவர் சொல்லும் பதில் மட்டும் இன்னும் எழுதப்படவில்லை.

பதில் இல்லாமல் கோப்பையைத் தொட மாட்டேன் என்று மந்திரி வேடம் போடும் பெரிய நடிகர் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். நவம்பர் குளிர். வெள்ளை உடைக்குள் சூட்டுப் பொட்டலங்களைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதரைப் பார்த்தால் எழுதிய கைக்கே பாவமாக இருக்கும். "ரைட்டர் இங்க வரட்டும், என் முகத்தைப் பாத்து எழுதட்டும்" என்றாராம். அதனால்தான் மியோங்ஜு அப்பாவிடம் கொடுத்த வாக்கை மீறி, விடியும்முன் கிளம்பி வந்து, ஒரு வேனுக்குள் மடிக்கணினியும் வெறும் வயிறுமாக உட்கார்ந்திருந்தாள்.

ஒன்பதே காலுக்கு சொன்யாங்கிலிருந்து பஸ் வந்தது.

பதினான்கு பெரியவர்கள் இறங்கினார்கள். பதினான்கு பேரும் வெள்ளை நீள அங்கி, தலையில் குதிரைமுடித் தொப்பி. போராட்டம் என்றால் முன்னோர் உடையில்தான் என்று தலைவர் தேசொப் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். ஆனால் சரித்திரத் தொடர் செட்டுக்கு அந்த உடையில் வந்தால் என்ன ஆகும் என்று பஸ்ஸில் வந்த பதினான்கு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

உதவி இயக்குநர் தோயி கையில் ஒலிபெருக்கியோடு ஓடிவந்தாள்.

"தாத்தாங்களா, எவ்ளோ லேட்டு! நாலாவது வரிசைக்குப் போங்க. வாட்ச் கட்டியிருக்கறவங்க கழட்டிடுங்க. நீங்க, மூக்குக்கண்ணாடி! உள்ள வைங்க!"

"ஏம்மா, நாங்க யாருன்னு தெரியுமா?" தேசொப்புக்கு மீசை துடித்தது.

"தெரியும் தாத்தா. மந்திரி சாகறதப் பாத்துக் கலங்கற அறிஞர்கள். ஆனா உங்க முகத்துல ரொம்பக் கோவம் தெரியுது. கொஞ்சம் சோகமா வைங்க."

விஷயம் விளங்குவதற்குள் ஆறு பேரை வரிசையில் நிறுத்தி, கையில் சாப்பாட்டு டோக்கனும் கொடுத்துவிட்டார்கள். பிறகு தோயி தலைக்குமேல் கையெடுத்து மன்னிப்புக் கேட்டாள். டோக்கன்கள் திரும்பி வந்தன. ஒன்று மட்டும் வரவில்லை. அதை வைத்திருந்த பெரியவர் கடைசிவரை யாரென்று தெரியவில்லை, நானும் காட்டிக்கொடுக்கப் போவதில்லை.

வாசலில் பேனர் விரிந்தது. 'எங்கள் பெருமகனார் இன்கியோமை இழிவுபடுத்திய ரைட்டர் ஹான் யுரிமே, மண்டியிடு!'

ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தவர் கியூதோங்.

இந்த இடத்தில் அந்தக் குலத்தின் ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். கியூதோங்குக்கு எழுபது, தேசொப்புக்கு எழுபத்திநான்கு. ஆனால் வம்சக் கணக்கில் கியூதோங் இருபத்தெட்டாம் தலைமுறை, தேசொப் முப்பத்தொன்றாம் தலைமுறை. கொள்ளுத்தாத்தா முறை. ஆகவே தேசொப் அவரைத் தாத்தா என்றுதான் கூப்பிட வேண்டும், கூப்பிடுவார்.

"தாத்தா, பேனரைத் தூக்கிப் பிடிங்க."

"தாத்தா, பஸ்ல தண்ணி பாட்டில் இருக்கு, எடுத்துட்டு வாங்க."

"தாத்தா, முன்னாடி வராதீங்க, போட்டோல மறைக்குது."

இப்படித்தான் முப்பது வருஷமாக மரியாதை குறையாமல் வேலை வாங்குகிறார். தேசொப்புக்கு நகரத்தில் மூன்று கட்டிடங்கள், கியூதோங்குக்கு மழைக்கு ஒழுகும் ஒரு வீடு. முறை ஒரு பக்கம் இருக்க, நிலைமை இன்னொரு பக்கம். கியூதோங் பதிலுக்கு 'வாங்க, போங்க' என்றே பேசுவார்.

வேன் ஜன்னல் வழியாக மியோங்ஜு பேனரைப் பார்த்தாள். எழுத்து அச்சில் அடித்தது இல்லை, தூரிகை எழுத்து. அந்த எழுத்தில்தான் அவளுடைய முதல் பள்ளி நோட்டில் பெயர் எழுதப்பட்டிருந்தது. இன்று 'மண்டியிடு' என்பதையும் அப்பா கோணல் இல்லாமல் அழகாக எழுதியிருந்தார். அவளுக்கு அழுகை வந்தது, அழுவதற்கு நேரம் இல்லை.

பத்து மணிக்கு இன்னொரு வண்டி வந்தது, பாட்டுப் போட்டுக்கொண்டு. மஞ்சள் நிறக் காபி வண்டி. ரசிகர்கள் நடிகர்களுக்குப் படப்பிடிப்பில் காபி அனுப்புவது வழக்கம்தான். இந்த வண்டியின் நெற்றியில் இருந்த வாசகம் வழக்கமானது இல்லை. 'முந்நூறு வருஷத்துக்குப் பிறகு உண்மையை எழுதிய ரைட்டருக்கு மெங் குலத்தாரின் நன்றி! வயிறு நிறையக் குடியுங்கள்!'

பியோ பெரியவர்கள் பதினான்கு பேரும் மூச்சுவிட மறந்து நின்றார்கள்.

வண்டியின் பலகையைத் திறந்துகொண்டு ஏப்ரன் கட்டி நின்றவள் மெங் ஜோங்நான். மியோங்ஜுவின் அம்மா. கியூதோங்கின் மனைவி.

இந்த நாட்டில் கல்யாணம் ஆனாலும் பெண்ணுக்குப் பிறந்த வீட்டுப் பெயர்தான். ஜோங்நான் அதை நாற்பத்தைந்து வருஷமாக வசதியாகப் பயன்படுத்தி வருகிறாள். தொடர் ஓடும் நேரத்தில் கணவர் எதிர் அறையில் கண்டனக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பார். இவள் டிவி முன்னால் உட்கார்ந்து, இன்கியோம் வரும் காட்சிகளில் "நாசமாப் போக" என்று சத்தமாகச் சொல்வாள். "என்ன பேசறே?" என்று அங்கிருந்து குரல் வரும். "நான் பியோ இல்லையே" என்பாள்.

அவள் வண்டியிலிருந்து இறங்கி நேராகப் பேனரின் நுனிக்கு வந்தாள்.

"காபி?"

"வேணாம்." கியூதோங் வேறு பக்கம் பார்த்தார். "நீ இங்க என்ன பண்றே?"

"என் தம்பி சங்கத்துல பணம் வசூல் பண்ணி வண்டி எடுத்தான். ஊத்திக் குடுக்க ஆள் இல்லன்னான். நீங்க என்ன பண்றீங்க?"

"தெரியாத மாதிரி கேக்காதே."

"தெரியும். உங்க தாத்தாவுக்குத் தாத்தாவுக்குத் தாத்தாவுக்காக, பெத்த பொண்ண மண்டியிடச் சொல்லி எழுதிப் புடிச்சிக்கிட்டு நிக்கறீங்க."

"மெதுவாப் பேசு!"

"கை நடுங்குது பாருங்க. இஞ்சி டீ இருக்கு. குடிச்சிட்டுப் போராடுங்க."

அவர் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு ஒரே மூச்சில் குடித்தார். அதற்குள் தேசொப் பார்த்துவிட்டார். "தாத்தா! அது எதிரி வண்டி!"

மெங் வீடும் பியோ வீடும் இன்கியோம் காலத்திலிருந்து பெண் கொடுத்துப் பெண் எடுத்ததில்லை. அந்தக் கோட்டை முதலில் தாண்டியது இந்த இரண்டு பேர்தான். ஜோங்நான் அப்போது சொன்யாங் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். கியூதோங் எங்கேயும் போக வேண்டிய வேலை இல்லாமல் எட்டு மாதம் அந்த பஸ்ஸில் போய்வந்தார். குலப்பெயரைக் கேட்டபோது இரண்டு பேருக்கும் முகம் வெளுத்தது. ஆனாலும் மறுநாள் அவர் அதே நேரத்துக்கு நிறுத்தத்தில் நின்றார். மியோங்ஜு ராஜாவையும் ராணியையும் வைத்து எழுதும் காதல் காட்சிகளில் பாதி அந்த பஸ்ஸிலிருந்து திருடியவைதான்.

பதினோரு மணிக்குத் தயாரிப்பு நிறுவனத்திலிருந்து போன் வந்தது.

"மேடம், அந்தக் குலச் சங்கத்துக்காரங்க நாளைக்குக் காலைல கோர்ட்டுக்குப் போறாங்களாம். தடை வந்தா இந்த வாரம் ஒளிபரப்பு கிடையாது. ரைட்டர் நேர்ல வந்து மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டாப் போதும்னு சொல்றாங்க."

"நான் எழுதினது தப்பில்லையே."

"தப்பில்ல மேடம். ஆனா இங்க நூத்தியிருபது பேர் சாப்பிடணும்."

மியோங்ஜு வெளியே பார்த்தாள். விளக்குக்காரர்கள், சமையல் ஆட்கள், குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டிருந்த அடிமை வேடப் பெண்கள். மடிக்கணினியை மூடினாள்.

ஒப்பனைக் கூடாரத்தில் சந்திப்பு ஏற்பாடானது. தேசொப் நடுநாற்காலியில். மற்றவர்கள் சுற்றிலும். செயலாளர் என்பதால் கியூதோங் குறிப்பு எழுத நோட்டுடன் மூலையில்.

மியோங்ஜு உள்ளே வந்து குனிந்து வணங்கினாள். நிமிர்ந்தபோது அப்பாவைப் பார்த்தாள். அப்பா நோட்டைப் பார்த்தார்.

இனி அவர் கையில்தான் எல்லாம் இருந்தது. 'இவள் என் மகள்' என்றால் இருபது வருஷப் பொய் உடையும், செயலாளர் பதவி போகும், ஊரில் தலை காட்ட முடியாது. சொல்லாவிட்டால், மகள் பெயர் தெரியாத யாரோ ஒருத்தியாக இந்தத் தரையில் மண்டியிடுவாள். எது வந்தாலும் தானாக வாயைத் திறக்கக் கூடாது என்று மியோங்ஜு முடிவு செய்திருந்தாள்.

"ஹான்னு சொல்றீங்களே," தேசொப் தொண்டையைச் செருமினார். "எந்த ஊர் ஹான்?"

"அது புனைபெயருங்க."

"சரி. சொந்தப் பேரு?"

"அது இப்ப எதுக்குங்க? மன்னிப்புத்தானே கேக்கணும், கேக்கறேன்."

"ஓகோ." தேசொப் மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். "நம்ம முன்னோரைப் பேர் சொல்லி நாறடிக்கத் தெரியுது. தன் பேரைச் சொல்ல மட்டும் வாய் வரல. வெளில சொல்லிக்கற மாதிரி அப்பன் இல்ல போல."

மூலையில் பேனா நின்றது.

"உக்காந்து பேச ஒண்ணுமில்ல. மண்டியிடும்மா, நேரமாகுது."

மியோங்ஜு முழங்காலை மடக்கினாள். கண்ணைத் தாழ்த்தியிருந்ததால் அவளுக்குத் தெரிந்தவை ஒரு வரிசை வெள்ளைக் காலுறைகள் மட்டும். அவற்றில் கட்டைவிரல் பக்கம் ஒட்டுப் போட்டுத் தைத்த ஒரு ஜோடி எழுந்து நின்றது.

"நிறுத்து."

எல்லோரும் திரும்பினார்கள்.

"தேசொப்," என்றார் கியூதோங். "எழுந்திரு."

கூடாரத்தில் பல பேருக்கு முதலில் காதில் விழுந்தது வார்த்தை இல்லை, 'ங்க' விழாததுதான். முப்பது வருஷத்தில் அவர் தலைவரிடம் அப்படிப் பேசியதில்லை.

"தாத்தா, என்ன ஆச்சு உங்களுக்கு?"

"எழுந்திருன்னு சொன்னேன். அவ என் பொண்ணு. பியோ மியோங்ஜு. இருபத்தொன்பதாம் தலைமுறை. உனக்குப் பாட்டி முறை. பாட்டிய மண்டியிடச் சொல்லிட்டு நீ நாற்காலில சாஞ்சு உக்காந்திருக்கியா?"

பெரியவர்கள் அத்தனை பேரும் விரலை மடக்கிக் கணக்குப் போட ஆரம்பித்தார்கள். இந்தக் கணக்கு அவர்களுக்குச் சோறு மாதிரி. "அப்ப எனக்கு அத்தை முறையா?" என்றார் முப்பதாம் தலைமுறைக்காரர் ஒருவர். கேட்டு முடிப்பதற்குள் உடம்பு தானாக எழுந்து பாதி குனிந்துவிட்டது. இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள். கடைசியில் உட்கார்ந்திருந்த கிழவர், எண்பத்தொரு வயது, "பாட்டி, குளுருதா? இப்படி அடுப்புப் பக்கம் வாங்க" என்று நாற்காலியை நகர்த்திப் போட்டார். அவர் கேலி செய்யவில்லை.

மியோங்ஜுவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அப்பா அவளைப் பார்த்தார், இந்த முறை நோட்டின் பக்கம் போகாமல். நாற்பத்திமூன்று வருஷத்தில் அவளுக்காக அவர் நான்கு பேர் முன்னால் எழுந்து நின்றது இதுதான் முதல் தடவை. அது போதும் என்று அந்த நிமிஷத்தில் அவள் மனதார நினைத்தாள்.

தேசொப் மட்டும் எழவில்லை. மூன்று கட்டிடம் சம்பாதித்த மூளை சும்மா இருக்குமா?

"நல்லது தாத்தா. முறைன்னா முறைதான். நான் மறுக்கல. புத்தகத்துல இருந்தா இந்த நிமிஷமே கீழ விழுந்து கும்பிடறேன்."

இன்கியோமின் புகழுக்குச் சான்று காட்ட அவர்கள் வம்சப் புத்தகத்தையே பெட்டியில் தூக்கிவந்திருந்தார்கள். 1987-ஆம் வருஷப் பதிப்பு, பழைய வழக்கப்படி முழுக்கச் சீன எழுத்தில். தேசொப் மூன்றாம் தொகுதியை எடுத்து, விரலை நனைத்துப் பக்கம் புரட்டி, மேஜைமேல் விரித்தார்.

"நீங்களே படிங்க ரைட்டரே. சீன எழுத்து தெரியும்ல?"

சரித்திரம் எழுதுகிறவளுக்குத் தெரியாமல் இருக்குமா. மியோங்ஜு படித்தாள். கியூதோங். மனைவி மெங் குலத்தாள். மகன் வோன்ஹோ.

அதோடு முடிந்தது.

பக்கத்து வரியைப் பார்த்தாள். பெரியப்பா வீட்டு மூன்று பெண்களும் பெயரோடு இருந்தார்கள். கடைசிப் பெண் அவளைவிட ஒரு வயது சின்னவள். திரும்ப முதலிலிருந்து படித்தாள். மனைவி. மகன். அந்தப் பக்கத்தை அவள் இதுவரை தேடிப் பார்த்ததே இல்லை. தன் பெயர் இருக்கும் என்று நம்பியிருந்தவளுக்குத் தேடத் தோன்றியதில்லை.

"பொண்ணே இல்லையே தாத்தா?" தேசொப் குரலில் சர்க்கரை. "போராட்டத்தைக் கலைக்க வாடகைக்குப் புடிச்ச பொண்ணா?"

"அப்பா." மியோங்ஜுவின் குரல் அவளுக்கே சின்னதாகக் கேட்டது. "என்னை மறந்துட்டீங்களா?"

கியூதோங் பேனாவை மூடினார்.

"மறக்கல. அந்தப் பக்கத்துக்கு புரூஃப் பாத்ததே நான்தான்."

"அப்புறம்?"

"தேசொப், அன்னிக்குத் தலைவர் உங்கப்பா. மெங் பேரு நம்ம புத்தகத்துல ஏறக்கூடாதுன்னாரு. ஏறலன்னா ஜோங்நான் என் பொண்டாட்டியே இல்லன்னு ஆயிடும். புள்ளைங்க ரெண்டும் அம்மா இல்லாத புள்ளைங்கன்னு ஆயிடும். மூணு மாசம் அவர் வாசல்ல போய் நின்னேன். செருப்பக் கழட்டிட்டு நின்னேன். கடைசில, மெங்குக்கு இடம் குடுக்கறேன், பதிலுக்கு மெங் வயித்துல பொறந்த பொண்ண விட்டுடு, பையன் வம்சம், அவன் இருக்கட்டும்னாரு."

தேசொப் விரித்த பக்கத்திலிருந்து கையை எடுத்தார்.

"உனக்கு அப்ப அஞ்சு வயசு மியோங்ஜு. நாளைக்குக் கல்யாணமாகி வேற வீட்டுப் புத்தகத்துல ஏறிடுவே, யாருக்குத் தெரியப்போகுதுன்னு நெனச்சேன்." அவர் மகளை நிமிர்ந்து பார்த்தார். "நீ கல்யாணமே பண்ணிக்கல."

குற்றம் சொல்வதுபோல் இல்லை. தன் கணக்கு தப்பிப்போனதைச் சொல்வதுபோல்தான் சொன்னார்.

மியோங்ஜுவுக்குக் கோபம் வந்தது. இந்த மனிதரை உலுக்க வேண்டும்போல் இருந்தது. அதே சமயம், முப்பத்திரண்டு வயது வாலிபன் ஒருவன் செருப்பைக் கழற்றிவிட்டுப் பணக்காரன் வாசலில் நிற்பதும் தெரிந்தது. ஒருத்தியைக் காப்பாற்ற இன்னொருத்தியை விட்டுவிட்டு, அதை யாரிடமும் சொல்லாமல் தினமும் அதே வீட்டில் சாப்பிட்டவன். இரண்டையும் ஒன்றாக நெஞ்சில் வைத்துக்கொள்ள இடம் போதவில்லை.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. சொல்லிடாதே." அவசரமாக ஒரு அடி முன்னால் வந்தார். "அவளுக்குச் சீன எழுத்துல தன் குலத்துப் பேரு மட்டுந்தான் படிக்கத் தெரியும். பியோ புத்தகத்துல ஏறின முதல் மெங் பொண்ணு நான்தான்னு வருஷா வருஷம் படையல் அன்னிக்கு எடுத்துத் தடவிப் பாப்பா. நீ எங்கேன்னு கேட்டா, நீ அடுத்த பக்கத்துல இருக்கறதா சொல்லி வச்சிருக்கேன். அவ சந்தோஷத்த..."

அவர் பேச்சை முடிக்கவில்லை. மியோங்ஜுவின் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூடாரத்தின் திரையை முதுகால் தள்ளிக்கொண்டு, இரண்டு கையிலும் காபித் தட்டோடு ஜோங்நான் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று யாரும் கவனிக்கவில்லை.

அவள் தட்டை ஒப்பனை மேஜைமேல் வைத்தாள். எண்பத்தொரு வயதுக்காரர் எழுந்து வழிவிட்டார். நேராகப் புத்தகத்திடம் வந்தாள்.

"அடுத்த பக்கம்னு சொன்னீங்களே."

"ஜோங்நான்..."

"நானும் வருஷா வருஷம் அடுத்த பக்கத்தையும் தடவிட்டுத்தானே வச்சேன். அது யாரு பக்கம்?"

தேசொப் எழுந்தார், இப்போதுதான் எழுந்தார். "பாருங்கம்மா, அந்தக் காலத்து விஷயம், எங்கப்பா..." என்று ஆரம்பித்தார். ஜோங்நான் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"அப்ப முப்பத்தெட்டு வருஷமா நான் உக்காந்திருக்கறது என் பொண்ணோட இடத்துலயா?"

வெளியே ஒலிபெருக்கியில் தோயியின் குரல் கேட்டது. "ரைட்டர் மேடம்! வெளிச்சம் போயிடும்! மந்திரி பாயிலயே உறைஞ்சிடுவாரு! பதில் எழுதியாச்சா?"

ஜோங்நான் ஏப்ரனில் கையைத் துடைத்தாள். ஒரு விரலால் வரிகளின்மேல் மெதுவாகப் போய், தனக்குத் தெரிந்த எழுத்துகள் வந்ததும் நிறுத்தினாள். கணவர் கையிலிருந்த குறிப்புப் பேனாவை அவரைப் பார்க்காமலே உருவினாள். தேசொப் "அது குலப் புத்தகம், அதுல கை வைக்கக்கூடாது" என்று கத்துவதற்குள் பேனாவை மகளிடம் நீட்டிவிட்டாள்.

"அடிச்சு எழுதறதுதானே உன் வேலை? இந்தா. என்னை அடி. அந்த எடத்துல உன் பேர எழுது."

"அம்மா, வேணாம்மா."

"எனக்குப் படிக்கத் தெரியாது. உனக்குத் தெரியும். எழுது."

மற்றப் பதின்மூன்று பெரியவர்களும் அந்தப் பேனாவைப் பார்த்தார்கள். கியூதோங் மனைவியைப் பார்த்தார். எட்டு மாதம் காரணம் இல்லாமல் பஸ்ஸில் போனவனின் முகம் அது. அவள் பார்க்கவில்லை.

மியோங்ஜு பேனாவின் மூடியைக் கழற்றினாள்.